மாணவர் ஒழுங்குப் பதிவேடு பள்ளிக்கு என்ன சொல்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சண்டை போட்டவன், தாமதமாக வந்தவள், எதிர்த்துப் பேசியதற்காகத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்பட்டவர்கள் என்று எல்லாப் பள்ளிகளிலும் ஒரு பதிவேடு இருக்கும். பெற்றோரை வரவழைக்கும் நாளில்தான் பெரும்பாலும் அதைத் திறப்பார்கள். "ஏற்கெனவே நாலு புகார் இருக்கிறது, பாருங்கள்" என்று காட்டிவிட்டு மூடிவைப்பார்கள். அதே பக்கங்களை மாதக் கடைசியில் மொத்தமாக எடுத்துவைத்துப் படித்தால் அந்தப் பள்ளியைப் பற்றியே நிறையத் தெரியவரும். அப்படிப் படிப்பது பற்றி ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒழுங்குத் தரவு என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

தலைமையாசிரியரிடம் அனுப்பியது, வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தது, பள்ளி முடிந்த பிறகு உட்காரவைத்தது, பெற்றோரை அழைத்தது, இடைநீக்கம், பள்ளியை விட்டே நீக்கியது எல்லாமே இதில் சேரும். வருகைப் பதிவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இன்னும் தெளிவு கிடைக்கும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் பதில்களெல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஏதோ செய்த பிள்ளை ஒருவர். அதைப் பார்த்துவிட்டு, இது எழுதியே ஆகவேண்டிய விஷயம் என்று முடிவுசெய்த பெரியவர் இன்னொருவர். ஒரு ஆசிரியர் ஒரே பார்வையில் அடக்கிவிடும் குறும்புக்கு அடுத்த வகுப்பு ஆசிரியர் சீட்டு எழுதி அனுப்பியிருப்பார். அதனால் பிள்ளைகளின் நடத்தையோடு பெரியவர்களின் பழக்கமும் அந்தப் பதிவேட்டில் சேர்ந்தே பதிவாகிறது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஏறத்தாழ 10 லட்சம் மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பதற்குள் 10 பேரில் கிட்டத்தட்ட 6 பேர் ஒரு முறையாவது இடைநீக்கமோ நீக்கமோ செய்யப்பட்டிருந்தார்கள். சட்டம் கட்டாயமாகத் தண்டிக்கச் சொல்லும் குற்றங்களுக்காக எடுத்த நடவடிக்கை அதில் வெறும் 3 சதவீதம். மீதி எல்லாம் பள்ளியில் இருந்தவர்கள் தங்கள் விருப்புரிமையில் எடுத்த முடிவுகள்.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் என்னென்ன எழுத வேண்டும்?

யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன நடந்தது, கூட யார் இருந்தார்கள், எழுதியவர் யார், என்ன நடவடிக்கை எடுத்தார்கள். இவ்வளவு போதும். பெரும்பாலான பதிவேடுகளில் பெயரும் தேதியும் குற்றமும் இருக்கும்; நேரமும் இடமும் இருக்காது. ஆனால் பள்ளியால் உடனே மாற்றக்கூடியவை அந்த இரண்டும்தான்.

முடிந்தால் இன்னும் ஒரு கட்டம் சேருங்கள்: "பிள்ளைக்கு இதனால் என்ன கிடைத்திருக்கும்?" நண்பர்களின் கவனம், ஆசிரியரின் கவனம், கஷ்டமான வேலையிலிருந்து தப்பிப்பது, ஆசைப்பட்ட ஒரு பொருள் என்று நாலைந்து தெரிவுகளில் ஒன்றுக்கு டிக் போட்டால் போதும். இது ஊகம்தான், தப்பாகவும் இருக்கலாம். ஆனாலும் மாதக் கடைசியில் இதுதான் மிகவும் உதவும்.

ஒரு சம்பவத்தைப் பதிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. படிவம் இரண்டு பக்கம் போனால் ஆசிரியர்கள் எழுத மாட்டார்கள், அல்லது மாலையில் ஞாபகத்திலிருந்து எழுதுவார்கள்.

"மரியாதைக் குறைவு" என்று எழுதலாமா?

எழுதலாம். ஆனால் அதற்கு என்ன பொருள் என்று ஆசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்த பிறகு எழுதுங்கள். ஒருவருக்கு மரியாதைக் குறைவு என்றால் கெட்ட வார்த்தை பேசுவது. இன்னொருவருக்குக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்பது. மூன்றாமவருக்குக் கண்ணைப் பார்த்துப் பேசுவதே மரியாதைக் குறைவாகத் தெரியலாம், வேறொருவருக்குப் பார்க்காமல் பேசுவது. இந்த நான்கையும் ஒரே பெயரில் கூட்டினால் வரும் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

நல்ல வழி ஒன்று உண்டு. பழைய பதிவுகளிலிருந்து பெயர்களை மறைத்துப் பத்து சம்பவங்களை எடுங்கள். ஆசிரியர் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக இரண்டு முடிவு எழுதட்டும்: இது எந்த வகை, இதை வகுப்பிலேயே முடிப்பீர்களா அனுப்புவீர்களா? பிறகு பதில்களைச் சேர்த்துப் பாருங்கள். எங்கே பதில்கள் சிதறுகின்றனவோ அங்கே விளக்கம் போதவில்லை என்று அர்த்தம். பள்ளி தொடங்கும் முன் ஒரு முறையும் ஆண்டின் நடுவில் ஒரு முறையும் இதைச் செய்யலாம்.

தரவு சேர்ந்துவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

ஒரிகன் பல்கலைக்கழகத்தில் உருவான பள்ளி அளவிலான ஒழுங்குத் தகவல் முறை ஒன்று பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. அதில் முதலில் கேட்கச் சொல்வது ஐந்து கேள்விகள்: ஒரு நாளைக்குச் சராசரி எத்தனை, என்ன வகை, எந்த இடம், எத்தனை மணி, எத்தனை பிள்ளைகள். பெயர்கள் கடைசியில்தான் வருகின்றன. அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. பெயரில் ஆரம்பித்தால் பேச்சு பெயரிலேயே நின்றுவிடும். "அவன் அப்பாவும் அப்படித்தான்" என்பதில் போய் முடியும்.

மாத மொத்தத்தை அப்படியே ஒப்பிடக் கூடாது. 600 பேர் படிக்கும் பள்ளியில் 20 வேலை நாள் உள்ள மாதத்தில் 60 சம்பவங்கள் என்று வைப்போம். அடுத்த மாதம் விடுமுறை அதிகம், 12 நாள்தான் பள்ளி, 42 சம்பவங்கள். 60 என்பது 42 ஆகிவிட்டதே என்று மகிழத் தோன்றும். நாள் கணக்கில் பார்த்தால் முதல் மாதம் 3, இரண்டாம் மாதம் 3.5. நிலைமை மோசமாகியிருக்கிறது. வேறு அளவுள்ள பள்ளியோடு ஒப்பிட வேண்டுமானால், அல்லது மாணவர் எண்ணிக்கை மாறியிருந்தால், 100 மாணவர்களுக்கு நாளொன்றுக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் அது 0.5இலிருந்து சுமார் 0.58 ஆகிறது.

எண்களிலிருந்து முடிவுக்கு எப்படிப் போவது?

பிரச்சினையை ஒரே வாக்கியத்தில், என்ன, எங்கே, எப்போது, யார், ஏன் என்ற ஐந்தும் வருமாறு எழுதிப் பாருங்கள். "பிள்ளைகள் ரொம்ப முரட்டுத்தனமாகிவிட்டார்கள்" என்பதை வைத்து எதுவும் செய்ய முடியாது. "மதிய இடைவேளை முடிந்த பத்து நிமிடத்தில், கிழக்குப் படிக்கட்டில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளுகிறார்கள், ஏனென்றால் மூன்று வகுப்புகள் ஒரே நேரத்தில் அதே படிக்கட்டில் ஏறி இறங்குகின்றன, அங்கே பெரியவர் யாரும் நிற்பதில்லை" என்று எழுதினால் வழி அதற்குள்ளேயே தெரிகிறது. ஒரு வகுப்பை மேற்குப் படிக்கட்டுக்கு மாற்றலாம். மணியை ஐந்து நிமிடம் தள்ளி அடிக்கலாம். நடுப்படியில் ஒரு ஆசிரியர் நிற்கலாம். யாரையும் தண்டிக்காமலேயே பாதிச் சண்டை நின்றுபோக வாய்ப்பிருக்கிறது.

அதே வாக்கியத்தோடு இன்னும் மூன்றை எழுதுங்கள்: யார் செய்யப்போகிறார்கள், எந்தத் தேதிக்குள், எந்த எண் எவ்வளவு குறைந்தால் வெற்றி. நான்கு வாரம் கழித்துத் திரும்பிப் பாருங்கள். அங்கே குறைந்து வேறு படிக்கட்டில் கூடியிருந்தால் அதுவும் தெரியவரும்.

ஒரு பிள்ளையின் விஷயத்திலும் இதே முறைதான். ஒரு பையன் வாரம் இரண்டு முறை வகுப்பிலிருந்து அனுப்பப்படுகிறான். காரணம் என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று: பேசினான், பென்சிலை எறிந்தான், பக்கத்துப் பையனைக் குத்தினான். நேரத்தை வரிசைப்படுத்திப் பார்த்தால் எல்லாமே பாடத்தை உரக்க வாசிக்கும் வேளையில். அவனுக்கு வாசிக்கத் தடுமாற்றம் இருக்கிறது. தன் முறை வருவதற்கு முன் ஏதாவது செய்துவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று கண்டுபிடித்துவிட்டான். நாம் தண்டனை என்று நினைத்துக் கொடுப்பது அவனுக்குத் தப்பிக்கும் வழி. இன்னும் கடுமையாகத் தண்டித்தால் அவன் இன்னும் நன்றாகவே தப்பிப்பான். அவனுக்கு வேண்டியது வாசிப்புப் பயிற்சி. அதுவரை எல்லோர் முன்னாலும் வாசிக்கவைக்காமல் இருப்பது. "என்ன செய்தான்" என்ற கட்டத்தை மட்டும் ஆண்டு முழுக்கப் படித்தாலும் இது தெரிந்திருக்காது.

திரும்பத் திரும்ப அதே சில பெயர்கள்தானே வருகின்றன?

அப்படித்தான் வரும். பெரும்பாலான பிள்ளைகள் ஆண்டு முழுவதும் பதிவேட்டுக்குள்ளேயே வர மாட்டார்கள், அல்லது ஒரு முறை வருவார்கள். வழக்கமாக ஆண்டுக்கு 0 அல்லது 1 என்பதை ஒரு குழுவாகவும், 2 முதல் 5 வரை அடுத்ததாகவும், 6உம் அதற்கு மேலும் மூன்றாவதாகவும் பிரிக்கிறார்கள். முதல் குழுவில் 80 சதவீதம், இரண்டாவதில் 15, மூன்றாவதில் 5 என்பது ஒரு பொதுவான எதிர்பார்ப்பு.

இந்தப் பிரிப்பு முக்கியமான ஒரு முடிவுக்கு உதவும். உங்கள் பள்ளியில் பாதிப் பேர் பதிவேட்டில் இருந்தால் தனித்தனிப் பிள்ளைகளுக்கு ஆலோசனை கொடுப்பது வீண்; விதிகள், நேர அட்டவணை, மேற்பார்வை இவற்றைத்தான் முதலில் தொட வேண்டும். மொத்தச் சம்பவங்களில் பெரும்பகுதி ஏழெட்டுப் பேரால் என்றால், எல்லோருக்கும் புது விதி போடுவது அநியாயம். அந்த ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அப்புறம் ஒன்று: ஆறாவது பதிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டின் முதல் மாதத்திலேயே இரண்டு பதிவு வந்த பிள்ளையை அப்போதே கவனிக்கலாம்.

சில பிரிவுப் பிள்ளைகள் மட்டும் அதிகமாகத் தண்டிக்கப்படுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கும் பள்ளிகள் அதிகம். கேட்கத்தான் வேண்டும்.

கணக்கு எளிது. 600 பேரில் ஒரு பிரிவில் 120 பேர். அவர்களில் 30 பேர் மேல் ஒரு பதிவாவது இருக்கிறது. அதாவது 25 சதவீதம். மீதி 480 பேரில் 48 பேர் மேல். அதாவது 10 சதவீதம். 25ஐ 10ஆல் வகுத்தால் 2.5. அந்தப் பிரிவுப் பிள்ளை பதிவேட்டுக்குள் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரண்டரை மடங்கு. ஆண், பெண், மொழி, இனம், மாற்றுத்திறன், விடுதியில் தங்குவது, வீட்டிலிருந்து வருவது என்று எந்தப் பிரிவுக்கும் இதைச் செய்யலாம். எட்டுப் பேர் மட்டும் உள்ள பிரிவில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஒரு பிள்ளை கூடினாலே 12.5 சதவீதம் ஏறிவிடும், யார் அந்தப் பிள்ளை என்பதும் வெளியே தெரிந்துவிடும்.

அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2018இல் வெளியிட்ட அறிக்கையில், 2013–14 கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் 15.5 சதவீதம், இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் அவர்கள் சுமார் 39 சதவீதம் என்று இருக்கிறது. "அவர்கள் அதிகம் தப்பு செய்தார்கள்" என்று உடனே ஒருவர் சொல்வார். அதற்குப் பதில், எந்தத் தப்புக்காக அனுப்பினார்கள் என்று பார்ப்பது. 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வெள்ளையினப் பிள்ளைகள் புகைபிடித்தது, பொருளை உடைத்தது, அனுமதியில்லாமல் வெளியேறியது போன்ற, கண்ணால் பார்த்து உறுதிசெய்யக்கூடிய காரணங்களுக்காக அதிகம் அனுப்பப்பட்டிருந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளின் சீட்டில் மரியாதைக் குறைவு, அதிக சத்தம், மிரட்டல் போல, பார்ப்பவர் மனதைப் பொறுத்த காரணங்கள் அதிகம்.

2015இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஜேசன் ஒகோனோஃபுவா, ஜெனிஃபர் எபர்ஹார்ட் இருவரும் ஆசிரியர்களிடம் ஒரு மாணவனின் இரண்டு சிறு தப்புகளைப் பற்றிய குறிப்பைக் கொடுத்தார்கள். குறிப்பு ஒன்றேதான், பெயர் மட்டும் மாறும். முதல் தப்பில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டாவதில் கறுப்பினப் பெயர் இருந்தபோது கோபமும் தண்டனையும் கூடின. "இவன் இப்படித்தான்" என்ற எண்ணம் இரண்டாவது சம்பவத்தில் உறைகிறது. ஆகவே உங்கள் தரவில் முதல் பதிவுக்கும் இரண்டாவது பதிவுக்கும் கொடுத்த தண்டனையைப் பிரிவுவாரியாகத் தனித்தனியே பாருங்கள். பிற்பகல், பருவத்தின் கடைசி வாரங்கள், புது ஆசிரியர் பொறுப்பேற்ற வகுப்புகள் என்று வேறுபாடு எங்கே பெரிதாகிறது என்றும் பாருங்கள். அங்கே அவசரமாக முடிவெடுக்காமல் ஒரு நிமிடம் நிறுத்துவதற்கான சின்ன வழக்கத்தை ஏற்படுத்தலாம்: "வகுப்பு முடிந்ததும் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்வது போல.

இதில் மாற்றம் வரும் என்பதற்கும் சான்று உண்டு. 2016இல் ஒகோனோஃபுவாவும் சக ஆய்வாளர்களும் கலிஃபோர்னியாவில் 5 நடுநிலைப் பள்ளிகளில் 31 ஆசிரியர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவோடு மட்டும் ஒரு சின்னப் பயிற்சி செய்தார்கள். பிள்ளையின் பக்கத்திலிருந்து யோசிப்பதைப் பற்றிப் படிப்பது, எழுதுவது, அவ்வளவுதான். அந்த ஆசிரியர்களின் மாணவர்களில் ஆண்டுக்குள் இடைநீக்கம் ஆனவர்கள் 4.8 சதவீதம், பயிற்சி பெறாத ஆசிரியர்களின் மாணவர்களில் 9.6 சதவீதம்.

எண்ணிக்கை குறைந்தால் நிலைமை சரியாகிவிட்டது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. எழுதுவதை நிறுத்தினாலும் குறையும். சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970களிலேயே எச்சரித்தது இதைத்தான்: ஒரு எண்ணை வைத்து அதிகாரத்தோடு முடிவெடுக்க ஆரம்பித்தால், அந்த எண்ணே கெட்டுப்போகும். "இடைநீக்கத்தைப் பாதியாகக் குறையுங்கள்" என்று மேலிருந்து உத்தரவு வந்தால், பெற்றோரைக் கூப்பிட்டு "இன்றைக்கு வீட்டுக்கு அழைத்துப்போங்கள்" என்று சொல்லி, பதியாமல் விடுவது தொடங்கும். பிள்ளை படிப்பை இழந்தது இழந்ததுதான், ஆனால் கணக்கில் வராது.

அதனால் வேறு ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள்: வருகை, காயம்பட்டு முதலுதவிக்கு வந்தவர்கள், பாதுகாப்பாக இருக்கிறதா என்று பிள்ளைகளிடம் பெயர் கேட்காமல் எடுக்கும் கருத்து. இழந்த பாட நேரத்தையும் கணக்கிடுங்கள். ஒரு முறை அனுப்பினால் பிள்ளைக்கு 30 நிமிடம் போகிறது என்றால், மாதம் 60 சம்பவத்துக்கு 30 மணி நேரம் பாடம் போய்விட்டது.

இடைநீக்கம் பலன் தருகிறதா?

பள்ளி பாதுகாப்பாகிறது என்பதற்குச் சான்று இல்லை. எந்தத் தப்பையும் பொறுப்பதில்லை என்ற கொள்கையை ஆராய்ந்த அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2008இல் இதே முடிவுக்குத்தான் வந்தது. உங்கள் தரவிலேயே சோதிக்கலாம்: இடைநீக்கம் முடிந்து திரும்பியவர்களில் எத்தனை பேர் அடுத்த 30 நாளில் மறுபடியும் பதிவேட்டில் வந்தார்கள்? ஆயுதம், கடும் தாக்குதல் போன்றவற்றுக்கு மற்றப் பிள்ளைகளைக் காக்கப் பிரித்துவைப்பது வேறு விஷயம்.

எங்களை எடைபோடத்தான் இது என்று ஆசிரியர்கள் பயப்படுகிறார்களே?

பயம் நியாயமானது. ஒரு ஆசிரியர் அதிகம் அனுப்புகிறார் என்றால் அவருக்கு மிகக் கஷ்டமான வகுப்பு கொடுத்திருக்கலாம், அவர் மட்டுமே ஒழுங்காகப் பதிபவராக இருக்கலாம், உண்மையிலேயே உதவி தேவைப்படலாம். ஆசிரியர் பெயர்வாரியான பட்டியலைப் பொதுக் கூட்டத்தில் காட்டாதீர்கள், பதவி உயர்வுக்கோ மதிப்பீட்டுக்கோ பயன்படுத்த மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். அந்தச் சொல்லை ஒரு முறை மீறினாலும் அடுத்த மாதத்திலிருந்து உங்களுக்கு உண்மையான தரவு கிடைக்காது.

யார், எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்?

தலைமையாசிரியர், இரண்டு மூன்று வகுப்பாசிரியர்கள், ஆலோசகர் இருந்தால் அவர். மாதம் ஒரு முறை, முக்கால் மணி நேரம். ஆண்டு முடிவில் பார்த்தால் படிக்கட்டில் அடிபட்ட பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போயிருப்பார்கள்.

கணினி இல்லாத சின்னப் பள்ளியில்?

கட்டம் போட்ட தாள் போதும். மேலே நேரம், பக்கவாட்டில் இடம். சம்பவத்துக்கு ஒரு கோடு. எங்கே கோடுகள் குவிகின்றன என்று கண்ணுக்கே தெரியும். பள்ளியின் வரைபடத்தில் புள்ளி வைப்பதும் நல்ல முறை.

பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்? அடுத்த ஆண்டு ஆசிரியரிடம் காட்டலாமா?

உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறதோ அதன்படி வைத்திருங்கள். கூட்டத்தில் பார்க்கும் வரைபடங்களில் பெயர் வேண்டாம். முழுப் பதிவையும் பார்க்க உரிமை உள்ளவர்கள் யார் என்று எழுதி வையுங்கள். பெற்றோர் தங்கள் பிள்ளையின் பதிவைப் பார்க்கவும் தப்பிருந்தால் திருத்தக் கேட்கவும் வழி இருக்க வேண்டும்.

அடுத்த ஆசிரியரிடம் தண்டனைப் பட்டியலைக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. "உரக்க வாசிக்கச் சொன்னால் பதறுகிறான், தனியாகக் கேட்டால் நன்றாகச் சொல்கிறான்" என்ற ஒரு வரியைக் கொடுங்கள். பழைய பதிவுகளை வைத்து "இந்தப் பிள்ளை பிரச்சினை செய்யும்" என்று முன்கூட்டியே கணிக்கும் மென்பொருள்களையும் அதே காரணத்துக்காகத்தான் எதிர்க்கிறேன். பழைய பதிவில் பெரியவர்களின் சாய்வு இருந்தால், கணிப்பில் அது இன்னும் அழுத்தமாக வரும்.

பிள்ளைகளிடமே காட்டலாமா?

கட்டாயம் காட்டுங்கள், பெயர் இல்லாமல். நான் உடனிருந்த ஒரு பள்ளியில், இடைவேளைக்குப் பிறகு பெண் பிள்ளைகள் தாமதமாக வருவது திடீரென்று கூடியது. இடம் என்ற கட்டத்தில் எல்லாமே கழிப்பறைத் தாழ்வாரம். வேண்டுமென்றே சுற்றுகிறார்கள் என்று எங்கள் கூட்டத்தில் முடிவாகி, அங்கே ஒரு ஆசிரியரைக் காவலுக்கு நிறுத்தவும் பேசியிருந்தோம். அதற்கு முன் அந்த வரைபடத்தை எட்டாம் வகுப்புப் பெண்களிடம் காட்டி, ஏன் இப்படி என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண் சொன்னாள்: நான்கு கழிப்பறைகளில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அதனால் ஜோடியாகத்தான் போகிறோம், வரிசை நீண்டுவிடுகிறது. மறுநாள் மூன்று தாழ்ப்பாள்கள் வாங்கிப் போட்டோம். அதுவரை தாமதத்துக்காகத் தண்டிக்கப்பட்டிருந்த பிள்ளைகளை அழைத்து, தப்பு எங்களுடையது என்று தலைமையாசிரியர் சொன்னார். அந்தப் பதிவுகள் நீக்கப்பட்டன.